காத்துக்காரம்மாவின் கட்டைவிரல்

அந்தக் குடியிருப்பில் அவளைக் காத்துக்காரம்மா என்றால்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமாக லாரி டயர் கடையில் வேலை. டயரில் கட்டைவிரலை வைத்து அழுத்தியே இத்தனை பவுண்டு காற்று என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளி அவளோடு பந்தயம் கட்டி இரண்டு முறை மூக்குடைபட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பிள்ளைகள் சைக்கிளோடு வாசலில் கூடிவிட்டார்கள். காற்றடிக்கக் கற்றுத் தருவதாக அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். தன் ஒன்பது வயது மகளின் சைக்கிளை முதலில் நிறுத்தினாள்.

"மொதல்ல கண்ணால பாருங்க. முள்ளு, ஆணி, வெடிப்பு. அப்புறம் வால்வு நேரா நிக்குதான்னு பாருங்க."

"நேரா நிக்கலைன்னா முட்டி போடச் சொல்லலாமா ஆன்ட்டி?" என்றான் மாடி வீட்டுப் பையன்.

"உன்னைத்தான் போடச் சொல்லணும், வாயாடி."

எல்லோரும் சிரித்தார்கள். கால் பம்பை மிதித்தாள். நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பஞ்சுபோல அமுங்கியது. மறுபடி மிதித்தாள்.

"அம்மா, டயர்ல நாப்பதுன்னு போட்டிருக்கு. பம்பு மீட்டர் அறுபதைத் தாண்டிடுச்சு."

"மீட்டர் கெடக்குது போடி. என் விரலுக்குத் தெரியாததா?"

"ஓரத்துல ஏதோ பிதுங்குதும்மா," என்று மகள் குனிந்தாள்.

வெடித்தது.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காதுக்குள் ஒரே ரீங்காரம். பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி நின்றார்கள். ஒருவரும் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். டியூபில் தூவியிருந்த வெள்ளைப் பவுடர் முகம் முழுக்க அப்பியிருந்தது. இரண்டு கண்ணும் இறுக்கி மூடியிருந்தன.

'கண்ணைத் திறடி' என்று மகளின் தோளைப் பிடித்தாள். கடையில் இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் ஒரு டயருக்கும் காற்றடிக்க மாட்டாள். யாராவது எட்டிப் பார்த்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். இங்கே ஆறு பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துவிட்டாள். சைக்கிள்தானே என்று. நூறு பவுண்டுக் காற்றில் பழகிய விரலுக்கு நாற்பது பவுண்டு பஞ்சாகத்தானே தெரியும்? இந்தச் சின்னக் கணக்கு பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். ஒரு கண் திறந்தது. சிவந்து, தண்ணீர் வழிந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"இது எத்தனை, சொல்லு." விரல்களை நீட்டினாள்.

"ரெண்டு. நீ ஆட்டுறதுல நாலு மாதிரி தெரியுது."

காத்துக்காரம்மா பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயாடிப் பையன் தன் சைக்கிளை ஓசைப்படாமல் பின்னால் இழுத்தான்.

"எங்கடா போற? கொண்டா இங்க," என்றாள். "உன் டயர்ல என்ன போட்டிருக்குன்னு சத்தமா படி. மீட்டர் அதைத் தாண்டக் கூடாது. மிதிக்கிறவங்களைத் தவிர எல்லாரும் சுவரோரமா போங்க. யாரும் குனிஞ்சு பாக்கக் கூடாது."

பையன் படித்தான். பம்பில் காலை வைத்தான். பழக்க தோஷம், அவள் கட்டைவிரல் டயரை நோக்கி நீண்டது.

"அம்மா!" மகள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். "கையை எடு. நீயும் சுவரோரமா வா."

காத்துக்காரம்மா எழுந்து போய் மகள் பக்கத்தில் நின்றாள்.