லேபிள் கன இடைவெளி

என் மனைவிக்கு வாக்குக் கொடுப்பதில் எப்போதுமே அவசரம். கயத்தாற்றில் அவள் அக்கா கட்டியிருந்த புது வீட்டின் பால் காய்ப்புக்கு, ஆணியே இல்லாத தேக்கு அஞ்சறைப்பெட்டி ஒன்றை நான் செய்து தருவதாகச் சொல்லிவிட்டு வந்துதான் எனக்கே சொன்னாள். அதுவும் அவள் தம்பி முன்னால். அவர் அங்கே மரப்பட்டறை வைத்துக் கதவு, ஜன்னல் செய்பவர்.

"அத்தானா? இரும்பு பாக்குத கைக்கு மரம் படியுமாக்கும்?" என்று அவர் கேட்க, வீடே சிரித்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை பாருலே" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பெட்டி கோணிப்போனால் எனக்கொன்றும் குறைந்துவிடாது. பிறந்த வீட்டில் அவள்தான் தலை குனிய வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் மிஷின் ஃபிட்டர். வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு, அதனடியில் ஒரு சின்ன டேபிள் சா, அதாவது மேஜையில் பதித்த சுழல் ரம்பம், வைத்திருக்கிறேன். பெட்டியின் மூலைகளைப் பல்லும் பள்ளமுமாக வெட்டிக் கோத்துவிட்டால் ஆணி வேண்டாம். எல்லாப் பல்லும் ஒரே அளவாக விழ ஒரு ஜிக் வேண்டும். ரம்பத்துக்கு முன்னால் நகரும் ஒரு பலகை, ரம்பத்துக்குப் பக்கத்தில் அதில் ஒரு சின்ன மர முளை, அவ்வளவுதான் ஜிக். ஒரு பள்ளம் வெட்டி, அதை முளையில் மாட்டிக்கொண்டு அடுத்ததை வெட்ட வேண்டும்.

முளைக்கும் ரம்பத்துக்கும் உள்ள இடைவெளிதான் பல்லின் அகலம். மயிரிழையையும் அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். பள்ளம் எவ்வளவோ பல்லும் அவ்வளவே, மயிரிழை கூடாமல் குறையாமல். இருபது வருஷப் பழக்கம். என் மிஷினில் எதுவும் லொடலொடக்கக் கூடாது. பசை போடாமல் கோத்துப் பார்த்தபோது, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கத்தைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

புதன்கிழமை பசை தடவிக் கோத்தேன். ஈரம் பட்டதும் மரம் உப்பி, பாதி வழியில் மாட்டிக்கொண்டது. ஓங்கித் தட்டினேன். மூலை படக்கென்று பிளந்தது. நானே என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன். இரும்பு பசையைக் குடிக்காது, மரம் குடிக்கும். இது தெரியாமல் ஒரு ஃபிட்டர்!

மனைவி மேலே வந்து பார்த்தாள். "பலகை மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஒரே ஒரு பெட்டிக்கு இருந்தது.

தீப்பெட்டியில் ஒட்டும் லேபிள் ஒன்று மேஜையில் கிடந்தது. அதை ஜிக் பலகையின் ஓரத்தில் வைத்து, அதை ஒட்டி ஒரு கட்டையை இறுக்கினேன். பிறகு லேபிளை உருவிவிட்டு, பலகையின் திருகைத் தளர்த்தி, அதைக் கட்டையோடு முட்டும்படி தள்ளி மறுபடி முடுக்கினேன். முளை லேபிள் கனத்துக்கு ரம்பத்தின் பக்கம் போனது. பல் அந்த அளவுக்கு மெலிந்தது. அடுத்து வெட்டிய பலகைகள் கையால் அழுத்தியதும் இறங்கின. பசைக்கும் இடம் இருந்தது. சொல்ல வெட்கமில்லை, அந்த ஜிக்கைத் தட்டிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, பால் பொங்கிய கையோடு மனைவியின் தம்பி பெட்டியைத் தூக்கினார். கவிழ்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. மறுபடி முதல் மூலைக்கே வந்தார். அவர் முகத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்த வச்சு அத்தான் வெட்டுனீங்க?"

"ஒரு ஜிக் செஞ்சேன்."

"ஒரு வாரத்துக்கு அதத் தாங்களேன். பட்டறைக்கு ஆவும்."

நான் வாயைத் திறப்பதற்குள், பால் தம்ளர்களோடு வந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வெளிய குடுக்குததில்லலே. வேணும்னா அங்கன வந்து, அவிய பக்கத்துல நின்னு, கேட்டுக் கேட்டுச் செஞ்சுக்கிடு."