அந்த வருடத்துக் குடி சாட்சி

பூனாவில் எங்கள் குடிசைப் பகுதியான பஸ்தியை ஒட்டியிருந்த தமிழ்ச் சபைக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று சாட்சிகள் தேவைப்பட்டன. நோயிலிருந்து மீண்டவர் ஒருவர், கடனிலிருந்து மீண்டவர் ஒருவர், குடியிலிருந்து மீண்டவர் ஒருவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ்திக்காரர்களுக்கு அரிசியும் போர்வையும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்களும் கொடுப்பார்கள். அதற்கு முன்னால், வாங்குகிறவர்கள் சார்பில் மூன்று பேர் மைக்கின் முன் நின்று, முன்னே எப்படி இருந்தோம், பின்னே எப்படி ஆனோம் என்று சொல்ல வேண்டும். அரிசி என்னவோ ஒரே அரிசிதான். வாங்குகிறவன் சாக்கடையிலிருந்து எழுந்து வந்தவனாக இருந்தால் கொடுக்கிறவனுக்குத் திருப்தி அதிகம்.

சிறிய சபை. தகரக் கூரை, நாற்பது நாற்காலிகள், பின்னால் ஒரு பாய். அரசாங்க அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்த்துப் பூனாவிலேயே தங்கிவிட்ட திருநெல்வேலிக் குடும்பங்கள் நாற்காலியில் உட்காரும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த நாங்கள் பாயில். நாற்காலி பற்றாக்குறை என்று சொல்வார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நூறு நாற்காலி எங்கிருந்தோ வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். எனக்குத் தமிழ் எழுத்து அந்தச் சபைதான் கற்றுக்கொடுத்தது. நான் படித்தது முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளி. என் அப்பாவும் அம்மாவும் எந்த மொழியிலும் கைநாட்டு. சபையில் மாலை வகுப்பு நடத்தினார்கள். பிஸ்கட் தருவார்கள் என்று போனேன். பத்து வயதுக்குள் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் நிறுத்தாமல் வாசித்தேன். நாற்காலிக்காரர்களின் பிள்ளைகள் கான்வென்ட்டில் படித்தார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அப்போதும் இழுத்து இழுத்துத்தான் பாடுவார்கள். அவர்கள் திணறும்போது பாயில் உட்கார்ந்து நான் புத்தகமே இல்லாமல் பாடுவேன். வேண்டுமென்றேதான்.

பஸ்தி ஊழியத்துக்கு ஓர் அம்மா பொறுப்பாக இருந்தார். ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். அவரிடம் நீல நிற அட்டைக் கோப்பு ஒன்று இருந்தது. பழைய சாட்சிகள் எல்லாம் அதில் கார்பன் பிரதியாக இருந்தன. நான் பத்தாவது எழுதவிருந்த வருடம், குடி சாட்சி சொல்ல வேண்டியிருந்த இட்லிக்காரர் குடும்பம் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டது. சாட்சி இருந்தது, ஆள் இல்லை. ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"ஏ பிள்ள, நீதான் நல்லா வாசிப்ப. இத வீட்டுல ரெண்டு தடவ வாசிச்சிப் பழகிட்டு வா, என்னா?"

படித்துப் பார்த்தேன். "ஆன்ட்டி, எங்கப்பா குடிக்க மாட்டாரு."

"உனக்குத் தெரிஞ்சா குடிப்பாங்க?"

"இல்ல ஆன்ட்டி, நெஜமாவே குடிக்க மாட்டாரு."

"மூட்டை தூக்குதவங்க யாரு பிள்ள குடிக்காம இருக்காங்க? அப்படியே இருக்கட்டும். இது உன் வீட்டுக் கதன்னு ஏன் நெனைக்க? பஸ்தி கத. அஞ்சு நிமிஷம். எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். இதை எழுதும்போது யாரைத் திட்டுகிறேனோ அவர்களோடு என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

என் அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். குடித்தால் மறுநாள் முதுகு நிமிராது என்பது அவர் கணக்கு. கூட வேலை செய்தவர்கள் அவரைச் சாமியார் என்று கேலி செய்தார்கள். சபையில் கொடுக்கும் அரிசி மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்குவதும் அவர்தான், கூலி இல்லாமல். அடுக்கிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடுவார். அவருக்கு ஊர் மாரியம்மன் போதும். ஆனால் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் கை சும்மா இருக்கக் கூடாது என்பார்.

அப்படி மூட்டை அடுக்கும்போதுதான் சபை மூப்பர் ஒருவர் அவரைக் கவனித்தார். மூப்பர் ஊரின் ஓரத்தில் கராடியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தார். அந்தக் குடியிருப்போர் சொசைட்டிக்குச் செயலாளர். வாட்ச்மேன் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார், குடிப்பாயா என்று. "அது மட்டும் கெடையாதுங்க" என்றார் அப்பா. சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஜனவரியில் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டார் மூப்பர். வேலையோடு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதற்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, உள்ளேயே குழாய் உண்டு. அப்பாவின் முதுகு அப்போதே போய்க்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து மூட்டையை வாங்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பார், சத்தம் வராது. அம்மா அந்த அறையைப் பார்க்காமலேயே அதில் எங்கே அடுப்பு, எங்கே என் புத்தகம் என்று இடம் பிரித்துவிட்டாள்.

இதெல்லாம் தெரிந்தே அந்த ஞாயிறு மைக்கின் முன் நின்றேன். மூப்பருக்கும் சாட்சிக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து வயதில் என் குரல்தான் எனக்குக் கேட்டது.

"என் தகப்பனார் தினமும் குடித்துவிட்டு வந்து என் தாயாரை அடிப்பார். பிழைப்புக்கு வைத்திருந்த தள்ளுவண்டியையும் விற்றுக் குடித்தார். இந்தச் சபையார் எங்கள் வாசலை மிதித்த நாளிலிருந்து அவர் பாட்டிலைத் தொடவில்லை."

எங்களிடம் தள்ளுவண்டியே இருந்ததில்லை. பாயில் இருந்தவர்களுக்கு அது யார் வண்டி என்று தெரியும். ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தாய் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். நானாகவே கண்டுபிடித்துச் செய்தது அது. போதகர் என் தலையில் கை வைத்தார். கையில் போர்வை கொடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி படிச்ச அங்க?"

"குடுத்ததப் படிச்சேன்."

"உங்கப்பன் என்ன எப்போடி அடிச்சாரு?"

பதில் சொல்வதற்குள் மூப்பர் படியிறங்கி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அரே, ரொம்ப நல்ல சாட்சிம்மா! ஆனா உங்க வீட்டுக்காரர் அது மட்டும் கெடையாதுன்னு எங்கிட்டச் சொன்னாரே? பரவால்ல, விட்டுட்டாரு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சொசைட்டியில மத்த ஆளுங்களும் இருக்காங்க பாருங்க. கேட் சாவிய நம்பிக் குடுக்கிற வேலை. ஒரு ரெண்டு வருஷம் போகட்டும். நான் ஜெபத்துல வெச்சுக்கிறேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார். திருந்தியவனுக்காக ஐந்து நிமிடம் முன்பு அழுத மனிதர், திருந்தியவனிடம் ஒரு சாவியைக் கொடுக்க மாட்டார். அவர்கள் நம்பிக்கைக்கு அவ்வளவுதான் நீளம்.

நான் உள்ளே ஓடி ஆன்ட்டியிடம் சொன்னேன். வேலை போகிறது, அடுத்த ஞாயிறு மைக்கில் அது எங்கள் வீட்டுக் கதை இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மிச்சப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாட்சிய வாபஸ் வாங்குததுக்கு இது என்ன எலக்ஷன் நாமினேஷனா? அதான் விட்டுட்டாருன்னு கடைசியில சொல்லியாச்சுல்லா. நல்ல முடிவுதான பிள்ள?"

"அவரு ஆரம்பிக்கவே இல்ல ஆன்ட்டி!"

"சரி, வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுதோம். எல்லாம் சரியாயிரும்."

வந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம், ஐந்து பேர், கையில் புது வருடக் காலண்டரோடு. அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டுச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். பதறி எழுந்து சட்டையைத் தேடினார். ஆன்ட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"எத்தன வருஷமாச்சு, தம்பி?"

"மூட்ட தூக்கறதுங்களா? பதினெட்டு வருசம்ங்க."

"அதில்ல. அந்தப் பழக்கம் விட்டு."

"எந்தப் பழக்கம்ங்க?"

ஆன்ட்டி மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார், பாருங்கள், வெட்கப்படுகிறார் என்பதுபோல. எல்லோரும் கண்ணை மூடி, அவர் மறுபடியும் விழுந்துவிடாதபடி காக்க வேண்டும் என்று உரக்க ஜெபித்தார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. காலண்டருக்கு ஆணி இல்லை என்று ஆன்ட்டி குறைபட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு அப்பா கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தத் தாள் இருக்குதா பாப்பா? படி."

படித்தேன். இந்த முறை எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. தள்ளுவண்டி வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "இட்லிக்காரன் கதை" என்றார். அம்மாதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை அரை நாள் கூலியை விட்டுவிட்டு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கராடிக்குப் போனார். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. இரண்டு பஸ் மாறும்வரை மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். மூப்பர் இரும்புக் கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: கோப்பு, கார்பன் பிரதி, ஊருக்குப் போன குடும்பம். அப்பா ஒருநாளும் குடித்ததில்லை என்று முடித்தேன்.

மூப்பர் முகத்தில் இருந்த கனிவு போய்விட்டது.

"அப்போ நீ சபையில, பலிபீடத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொன்ன?"

"ஆன்ட்டி குடுத்ததை..."

"யார் குடுத்தாங்கன்னு கேக்கல. பொய்யா, நெஜமா? பொய்னா போதகர்கிட்டச் சொல்லணும். காலேஜுக்குச் சபை குடுக்கிற நடத்தைச் சான்றிதழ், சிபாரிசு, எல்லாம் யோசிக்கணும். நெஜம்னா உங்கப்பா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காரு. ரெண்டுல ஒண்ணு."

தாளைக் கொடுத்தவரைத் தொடாமல் எங்கள் இருவரில் ஒருவரைப் பொய்யராக்கும் கணக்கு அது. அவர் பெரிய படிப்புப் படித்தவர். நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"பாப்பா சபையில சொன்னது நெசம்தாங்க" என்றார். "நான் குடிச்சவன்தான். உங்ககிட்ட வேலைக்காவ மறைச்சிட்டேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மூப்பர். அவருக்குப் பெரும் ஆறுதல். கிரில்லுக்கு இடையே கையை விட்டு அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். திருந்தியதில் உறுதியாக இருக்கச் சொன்னார்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பிறகு கத்தினேன். ஏன்ப்பா அப்படிச் சொன்ன, உன் பேரை நீயே ஏன்ப்பா கெடுத்துக்கிட்ட என்று. ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்கள்.

"நீ இன்னும் எத்தினி பேருகிட்ட கையெழுத்து வாங்கணும்" என்றார். "எனக்கு இன்னா? நீ குடிச்சியான்னு மூட்டயா கேக்கப்போவுது?"

மூட்டை கேட்கவில்லை. இன்னும் ஏழு வருடம் அவர் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த வாட்ச்மேன் வேலைக்கு வந்த ஆள் மூன்றாம் மாதமே குடித்துவிட்டு கேட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தான் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். இப்போதும் நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சபையின் சான்றிதழை நான் வாங்கவில்லை. காலேஜில் சேர, பள்ளித் தலைமையாசிரியை மராத்தியில் எழுதிக் கொடுத்த நான்கு வரி போதுமானதாக இருந்தது. அப்படி ஒன்று போதும் என்பது அந்தச் சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் தெரியாது. பி.காம். முடித்தேன். இப்போது அதே கராடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

சென்ற டிசம்பருக்கு முன் ஆன்ட்டி போன் செய்தார். சபை பெரிதாகிவிட்டதாம், சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த ஐ.டி. பிள்ளைகள் நிறைய சேர்ந்திருக்கிறார்களாம். என் படத்தை அவர்கள் இன்னும் ஆண்டறிக்கையில் போடுகிறார்கள், போர்வையோடு. இந்த வருடம் நானே வந்து போர்வை கொடுக்க வேண்டுமாம்.

"உங்கப்பா இப்பவும் குடிக்காமத்தான இருக்காரு?"

"பொறந்ததுலேர்ந்து குடிக்கல ஆன்ட்டி."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

வருகிறேன் என்றேன். ஆனால் போர்வையைத் தொடுவதற்கு முன்னால் அதே மைக்கில் இரண்டு நிமிடம் வேண்டும். அந்தத் தாள் யாருடையது, யார் கொடுத்தது, என் அப்பா யார் என்று சொல்வேன். அவரையும் கூட்டி வருவேன், முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு பிள்ள இப்ப? புதுசா வந்த பிள்ளைங்க மனசு கலங்கிராதா? எவ்வளவு ஆசையா குடுக்க வாராங்க." பிறகு, வருத்தத்தோடு, "படிச்சதும் உனக்குப் பெரும வந்துட்டு, கேட்டியா?"

"படிக்கிறதுக்கு முன்னாடியே இருந்துது ஆன்ட்டி. எங்கப்பாகிட்டேர்ந்து வந்தது" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். போர்வையை வேறு யாரோ கொடுத்தார்கள்.