முப்பத்தொன்றாம் கூண்டு

கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவற்றை மாட்டுகிறார் விலங்கு ஆய்வாளர் பெவ் ஹாசெட். ஒரு விலங்குக்கு ஒரு ஜோடி, ஒரு துணிப்பை. ஒன்றின் நோய் மற்றொன்றுக்குப் போய்விடக் கூடாது. கூண்டு காலியாக இருந்தாலும் மாற்றுவார்.

"காலிக் கூண்டுக்குமா, அம்மணி?" என்பார் வண்டி ஓட்டும் கிளைவ்.

"மூணு நாளா ஒரே சட்டை. நீ பேசாத."

மேற்கு ஆஸ்திரேலியாவின் மஞ்சிமப் காட்டில் காலை வெயில் ஏறுமுன், இரவில் வைத்த நாற்பது பொறிக்கூண்டுகளையும் பார்த்தாக வேண்டும். பீநட் பட்டரும் ஓட்ஸும் பிசைந்த இரையில் ஓர் உருண்டை அவர் வாய்க்குள்ளும் போகும். காலை உணவு அதுதான். பிடிவாதக்காரர். குறிப்பேடு என்னிடம் இருந்தாலும் நான் எழுதுவதை எட்டிப் பார்த்துத் திருத்துவார். நம்பிக்கை என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கூண்டு வைப்பார், அவ்வளவுதான்.

வொய்லி, முயலளவே உள்ள கங்காரு வகை. இந்தக் காட்டில் அவை அருகிவிட்டன. உண்ணிகள் மீதும் இரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணி மீதும் பெவ்வுக்குச் சந்தேகம். மூன்று ஆண்டுகளாகக் குட்டியுள்ள தாய் ஒன்றுகூட அகப்படவில்லை. இம்முறையும் இல்லையென்றால் இங்கே வேலையை நிறுத்திவிடுவார்கள். இன்று கடைசி நாள்.

முப்பத்தொன்றாம் கூண்டு மூடியிருந்தது!

உள்ளே இருந்த வொய்லியைத் துணிப்பையோடு மடியில் கிடத்தி, "ஒண்ணுமில்ல ராசாத்தி" என்று முணுமுணுத்தார். வயிற்றுப் பையை விரலால் மெல்ல விலக்கினார். கண்கள் விரிந்தன. ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

"அடி சக்கை! குட்டி இருக்கு!" கிளைவ் கத்தியேவிட்டார்.

மிரண்ட வொய்லி குட்டியை உதறிவிடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தாய் ஓர் உதை உதைத்தது. ரோமமில்லாத, இளஞ்சிவப்பான, கட்டைவிரலளவு உயிர் ஒன்று பெவ்வின் தொடையில் வந்து விழுந்தது.

"பாவி! அது வாயா, பீரங்கியா?" பெவ்வின் குரல் உயரவில்லை.

குட்டியை உள்ளங்கையில் பொத்தி ஊதினார். தாயின் வயிற்றுப் பைக்குள் வைத்து, காம்பை அதன் வாயில் சேர்த்தார். நழுவியது. மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை சேர்த்தார்.

"புடிச்சுட்டான்… கிளைவ், புடிச்சுட்டான்!"

குட்டி மறுபடி விழாதபடி வயிற்றுப் பையின் வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டினார். இரத்தம் எடுக்க வேண்டும், உண்ணிகளை எண்ண வேண்டும். கிளைவின் உதடுகளோ மறுபடி கத்தத் துடித்துக்கொண்டிருந்தன. பெவ் இன்னும் இரண்டு துண்டு பிளாஸ்திரி கிழித்தார். ஒன்றைக் கிளைவின் வாயில் ஒட்டினார். மற்றதைத் தன் வாயில்.