பதினேழு வேலைக்கு வந்த நாள்

என் வீட்டுக்காரரைப் பாடகர் என்று சொன்னால் மற்ற பாடகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சுருதி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மலேசியாவில் ரெம்பாவிலிருந்து கோலா பிலா வரைக்கும் எந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவர் மேடை ஏறினாலும் கூட்டம் துள்ளிக் குதிக்கும். நானும் குதிப்பேன். முப்பது வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை, என்ன செய்ய!

மஞ்சள் ரப்பர் பூட்ஸ், செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் ஹெல்மெட், கழுத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைக் கோர்த்த மாலை. இரண்டு கரண்டியால் அந்த மங்குகளைத் தட்டிக்கொண்டே பாடுவார். காட்டுப்பன்றியின் உறுமல், தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரின் இருமல் எல்லாம் வாயிலேயே வரும். பிழைப்புக்கு சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை. கச்சேரி நாளில் லீவு கிடைக்காவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை அந்தக் காய்ச்சலை அவருடைய மேனேஜரே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் கைதட்டினார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெரட்டுப் பாட்டு. விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி மண்டோர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவதுதான் பெரட்டு. மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். பாட்டில் பதினேழாம் நம்பர் மட்டும் வரவே மாட்டான். இவரே மண்டோராக நின்று கத்துவார், இவரே கீச்சுக்குரலில் சாக்குச் சொல்வார்.

"பதினேழு!"

"ஐயா, பூட்சுக்குள்ள கோழி முட்ட போட்டுருச்சுங்கய்யா!"

"பதினேழு!"

"சட்டைய கொரங்கு போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருச்சுங்கய்யா!"

யாரோ இதைப் போனில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். எங்கே போனாலும் "பதினேழு அண்ணே!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஒரே மகளுக்கும் அந்த நம்பர் ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டு வந்தாள். "நீயும் பேமஸ் ஆயிட்டம்மா" என்று இவர் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு வெறும் சோறுதான் வைத்தேன்.

அவள் படித்து, வேலைக்குப் போய், மாப்பிள்ளையையும் தானே பார்த்துக்கொண்டாள். சிலோன்காரக் குடும்பம். தாத்தா காலத்திலேயே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை, இப்போது எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். அதட்டிப் பேசாத மனிதர்கள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் கல்யாணத்துல பாடாதீங்க. மங்கு, பூட்ஸ் ஒண்ணும் வேணாம், ப்ளீஸ்லா."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். மங்கு மாலையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட ஒரு சத்தம் இல்லை. எனக்கு மகள்மேல் கோபம், வாயை மூடிக்கொண்ட இவர்மேல் அதைவிடக் கோபம்.

சிரம்பானில் ஒரு மண்டபத்தில் மத்தியானக் கல்யாண விருந்து. கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். பின்வரிசையிலிருந்து எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர், "அண்ணே, பெரட்டு இல்லியா?" என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு கரண்டிகளை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். சத்தம் வராமல் ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்.

மேடையிலிருந்து மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், விருந்தில் பாட வந்திருந்த பாட்டுக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"பதினேழு!"

மண்டபமே மேடைப்பக்கம் திரும்பியது. இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"பதினேழு!"

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இவர் கையை நறுக்கென்று கிள்ளினேன். "எந்திரிங்க, ஒங்களத்தான் கூப்பிடறா!"

"பாடமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"பதினேழு!" மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்துவிட்டது.

நாற்காலி பின்னால் சாய இவர் எழுந்து நின்றார். கோழிமுட்டையும் குரங்கும் வரும் என்று பின்வரிசை மொத்தமும் வாயைப் பிளந்து காத்திருந்தது. கீச்சுக்குரல் வரவே இல்லை.

"வந்துட்டேம்மா" என்றார், தன் சொந்தக் குரலில்.

முப்பது வருஷத்தில் பதினேழாம் நம்பர் பெரட்டுக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.