முன்பக்கத்து நட்சத்திரம்

சுவிஸில், ஓல்டன் நகரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. கல்யாண அட்டை, உணவக மெனு, தேர்தல் துண்டுப்பிரசுரம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். கொரோனா காலத்தில் ஒருவர் மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை அச்சடிக்கக் கொண்டுவந்தார். ஆறு முனை, நடுவில் ‘தடுப்பூசி போடாதவர்’ என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுத்து. ஹிட்லரின் நாசிகள் யூதர்களின் உடுப்பில் கட்டாயப்படுத்தித் தைக்கவைத்த அதே நட்சத்திரம். முதலாளி அந்த வேலையை எடுக்கவில்லை. அந்த மனிதர் வேறெங்கோ அடித்து, நெஞ்சில் குத்திக்கொண்டு, எங்கள் கடைக்கு முன்னாலேயே ஊர்வலம் போனார். கையில் ஐஸ்கிரீம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கூத்தை வெள்ளைக்காரர்கள்தான் ஆடுவார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

போன வருடம், ஈழத்தில் போர் முடிந்த மே மாத நினைவு நாளுக்குத் துண்டுப்பிரசுரம் வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பாடன் ஊரில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போனேன். தம்பியின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம். கழுத்துக்குப் பெரிதான காலர். கீழே ‘இவன் எங்கே?’ என்று டொச்சில் ஒரே ஒரு வரி. போர் முடிந்தபோது அம்மா அவனை இலங்கை இராணுவத்திடம் ஒப்படைத்தார். சும்மா விசாரித்துவிட்டு விடுவோம் என்றுதான் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாராவது ஒரு சுவிஸ்காரர் அந்த முகத்துக்கு முன் நின்று, யார் இது என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தலைவர் படத்தை தேநீரோடு வைத்திருந்த ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் கைபேசியை நீட்டினார். அதில் மஞ்சள் நட்சத்திரம். நடுவில் ‘தமிழ்’.

“இது எப்பிடி, தங்கச்சி?”

அந்த எழுத்துத்தான் முதலில் கண்ணில் குத்தியது. நாசிகள் அந்த நட்சத்திரத்தில் எழுதியபோது, எபிரேய எழுத்தைக் கேலி செய்வதுபோலத் தங்கள் எழுத்தைக் கோணலாக்கினார்கள். எங்கள் ஆட்கள் அதையும் விடவில்லை. ‘தமிழ்’ என்பதன் வளைவுகளை உடைத்து, முறுக்கி, அதே கோணலில் வைத்திருந்தார்கள். எந்த எதிரியும் எங்கள் எழுத்துக்குச் செய்யாததை நாங்களே செய்து, அதற்கு அபிப்பிராயமும் கேட்கிறோம்.

“அது யூதச் சனத்தின்ர சாவு, அண்ணை. எங்கட பெடியளுக்கு ஒருத்தரும் நட்சத்திரம் குத்தேல்லை. பேரைக்கூட எழுதாமல்தான் பஸ்ஸில ஏத்தினவங்கள்.”

“எனக்கு விளங்குது. ஆனா ஒரு பெடியன்ர படத்தைப் பாத்து இந்தச் சனத்துக்கு என்ன விளங்கும்? நட்சத்திரமெண்டா பாத்த உடனே விளங்கும்.”

அங்கே கூடியிருந்த மற்றச் சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் எனக்காகப் பெரிய மனது பண்ணி, தம்பியைப் பின்பக்கத்தில் போட்டார்கள்.

நினைவு நாளன்று ஓல்டன் நிலையத்தின் சுரங்கப்பாதையில் நின்று துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். தம்பிக்காக நின்றேன், நட்சத்திரத்துக்காக அல்ல. பலர் வாங்கவில்லை. நன்றாக உடுத்திய ஒரு முதிய பெண் நின்று, வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

இந்தத் தடுப்பூசிச் சண்டை இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்.

இது வேறு விஷயம், தயவுசெய்து மறுபக்கத்தைப் பாருங்கள் என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார், மரியாதையாகத்தான். நாலடி தள்ளி இருந்த குப்பைத் தொட்டியில், காகிதத்துக்கென்று இருக்கிற வாயைத் தேடி, அதற்குள் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனார். எதை எங்கே போடுவது என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பின்னேரம் தலைவர் தொலைபேசி எடுத்தார்.

“என்ன தங்கச்சி, சனத்துக்கு விளங்கிச்சோ?”

“ஓம் அண்ணை,” என்றேன். “பாத்த உடனேயே விளங்கிச்சு. தம்பியைத் திருப்பிப் பாக்க வேண்டியே வரேல்லை.”