மூன்றாம் நம்பர் மெஷினுக்கு ஆளைத் தெரியும்

1. கறண்ட் போய் வந்த பிறகும்

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். முன்பக்கம் டெலிபோன் கூண்டுகள். பின்பக்கம் இன்டர்நெற் பார்க்கும் கொம்பியூட்டர் மெஷின்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருவேன். மெஷின்களைத் துடைப்பது, போன் கோல் வந்தால் ஆளைப் போய்க் கூப்பிடுவது, முடியாதவர்களுக்கு ரைப் அடித்துக் கொடுப்பது என் வேலை.

யோகம் அக்கா பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் இருந்தார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். மகன் ஏஜென்சிக்காரனோடு போய்விட்டான். ஆனால் போக வேண்டிய நாட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒரு நாட்டில் ஒளிந்து நின்றான். அங்கிருந்து அம்மாவுக்கு மெயில் போடுவான்.

அம்மாவுக்கு மெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததும் அவன்தான். போக முன் மூன்றாம் நம்பர் மெஷினில் பாஸ்வேர்டை அடித்து, பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிக்குள் ஒரு சரி போட்டான். "அம்மா, வாசிச்சு முடிஞ்சா மேல மூலையில பெருக்கல் மாதிரி இருக்கிற புள்ளடியை அமத்திப்போட்டு எழும்புங்கோ. வேற ஒண்டிலயும் கை வையாதேங்கோ" என்றான்.

அன்றிலிருந்து அக்கா மூன்றுக்குத்தான் காத்திருப்பார்.

"ரெண்டு சும்மா கிடக்குதக்கா. அதில இருங்கோவன்."

"அதுக்கு என்னைத் தெரியாது தம்பி. இதுக்குத்தான் தெரியும்."

நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. மற்ற மெஷின்கள் பெயர் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்கும். மூன்று ஒன்றும் கேட்காது. அவருடைய பெயரைப் போட்டு மெயிலை விரித்துவிடும்.

ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது கறண்ட் போனது. எல்லா மெஷினும் செத்தது. கறண்ட் வந்தது. மூன்றைப் போட்டேன். அக்காவின் மெயில் அப்படியே திறந்தது.

செத்து எழும்பிய பிறகும் அது ஆளை மறக்கவில்லை.

2. மாஸ்டருக்குப் பெண்

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் கல்கிசையில் இருந்து மனைவியோடு வருவார். நெற்றில் பேப்பர் வாசிப்பார். ஒரு நாள் மூன்றில் இருந்தார். செய்திக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய பெண்ணின் படம். மணமகள் தேடுகிறீர்களா என்று ஒரு கேள்வி. மாஸ்டர் வேறு பேப்பருக்குப் போனார். அங்கேயும் அதே பெண்.

"என்னப்பா, போற இடமெல்லாம் உங்களுக்குப் பின்னால வாறாள்?" என்றார் மனைவி.

"எனக்கென்னடியப்பா தெரியும்? நான் தேர்தல் செய்தியெல்லோ பாக்கிறன்."

"நீங்கள் கேளாமல் அவள் ஏன் வாறாள்?"

"தம்பி! இதை நிப்பாட்டும் ஐசே!"

மெஷின் திருத்தும் நிமல் அன்று கடையில் இருந்தான். சிங்களவன். கொச்சைத் தமிழ் கதைப்பான். சிங்களத்தில் நான் அவனை அய்யே, அதாவது அண்ணன், என்பேன்; அவன் என்னை மல்லி, அதாவது தம்பி, என்பான். மாஸ்டரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐயா பிழை இல்ல, அம்மா. முந்தி இதில இருந்த ஆள் பொம்பிளை தேடினது."

அது உண்மை. தன் தம்பிக்குப் பெண் பார்க்கும் ஒருவர் காலை முழுக்க அதில் இருந்தவர்.

"அய்யே, அந்த ஆள் எழும்பிப் போயிட்டாரே. மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"மெஷினுக்கு ஒண்டும் தெரியாது மல்லி. நீ லோண்ட்ரியில உடுப்புத் தோய்க்கப் போடுறது தானே? சட்டைக் கொலருக்குள்ள மையில ஒரு குறி போடுறது. அது என்ன எண்டு உனக்குத் தெரியுமா?"

"இல்லை."

"லோண்ட்ரிக்காரனுக்குத் தெரியும். குறி உன்ர சட்டையில. புத்தகம் அவனிட்ட. திரும்பிப் போனா குறியைப் பாத்து, இது இன்ன ஆள் எண்டு சொல்லும். இதுவும் அதுதான். பேர் குக்கி."

"பிஸ்கற்றோ?"

"பேர் அப்பிடித்தான். ஒவ்வொரு சைற்றும் தன்ர குறியை இந்த மெஷினில வைக்கும். விளம்பரக்காரனும் வைக்கும். அவனுக்கு எல்லாப் பேப்பரிலயும் ஒரு மூலை வாடகைக்கு இருக்கு. ஒரே ஆளுக்கு வெள்ளவத்தையிலயும் லோண்ட்ரி, கொட்டாஞ்சேனையிலயும் லோண்ட்ரி எண்டா, நீ எங்க உடுப்புப் போட்டாலும் அவனுக்குத் தெரியும்தானே."

எங்கே அழிப்பது என்றும் காட்டினான். அழித்தால் மெயில் திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும் என்றான். அங்கே சைற்றுக்காரனிடம் இருக்கும் புத்தகம் அழியாது என்றான்.

நான் மூன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடலுக்கு அப்பால் முகம் தெரியாத எவனோ, எங்கள் கடைக்கு வந்து போகும் சனத்துக்குப் புத்தகம் வைத்திருக்கிறான். அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

3. தெரியாத பெடியன்

சில கிழமை கழித்துப் பொலிஸ்காரர்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். லொட்ஜில் இருந்த இரண்டு பேரை ஏற்றிப் போனார்கள். அன்று மத்தியானம் முன்பின் தெரியாத பெடியன் ஒருவன் வந்து மூன்றில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

"அண்ணை, இது ஆரின்ர மெயில்?"

யோகம் அக்காவின் மெயில் விரிந்து கிடந்தது. மகன் நிற்கும் வீடு, அந்த வீட்டுக்காரரின் பெயர், எல்லாம் அதில் இருந்தது.

"நான் வாசிக்கேல்ல" என்றான். நான் கேட்கவில்லை. மூடினேன். அவன் போய்விட்டான். அவன் நல்லவனாக இருக்கலாம், உளவு பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம். அந்த நாளில் தெரியாத ஆள் என்றால் நித்திரை வராது.

அக்காவைக் கூட்டி வந்து சொன்னேன்.

"குறியை அழிச்சா வேற ஆருக்கும் திறக்காதக்கா. உங்களுக்கும் பாஸ்வேர்ட் கேக்கும். தெரியுமோ?"

"எனக்கெங்க தெரியும். அவன் போட்டது."

"புது மெயில் ஒண்டு திறப்பமோ?"

"புதுப் பேரில ஆர் எழுதினாலும் மறுமொழி போடாதே எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லி வைச்சிருக்கிறான், தம்பி. மகன் பாக்க மாட்டான்."

மெயில் போனால் மகன் இருக்கிறானா இல்லையா என்று அறிய வேறு வழி இல்லை. மெயில் இருந்தால் மூன்றில் இருக்கும் எவனுக்கும் அவன் நிற்கும் இடம் தெரியும். அக்கா கதிரையை மூன்றுக்குக் கிட்ட இழுத்தார்.

"கடைசியா ஒண்டு எழுதுங்கோ. இனி மெயில் இல்லை, கடைக்குப் போன் எடு எண்டு. என்ர குரலைக் கேட்டா நம்புவான். நம்பரைப் போடுங்கோ. போட்டிட்டுக் குறியை அழியுங்கோ."

எழுதினேன். அனுப்பினேன். அழித்தேன். ஒரே அமத்தல்தான். பிறகு மெயிலைத் திறந்தோம். பெயர் கேட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4. கோல்

அதன் பிறகு அக்கா மெஷின் பக்கம் வருவதில்லை. போன் கூண்டுக்கு முன்னால் இருப்பார். கோல் வரும், வேறு ஆளுக்காக இருக்கும். நாட்கள் போயின.

ஒரு நாள் காலை போனை எடுத்தேன். தூரத்துக் குரல்.

"ஆர் கதைக்கிறது?"

"கடை. நீங்கள் ஆர்?"

"அதைச் சொல்லேலாது. அம்மாவைக் குடுங்கோ. அம்மா எண்டு தெரிஞ்சாத்தான் கதைப்பன்."

அவனும் பயந்துபோய் இருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடைசி மெயிலை வேறு யாரோ எழுதியதாக நினைத்து, நின்ற வீட்டையே மாறியிருந்தான்.

அக்கா என் கையில் இருந்து ரிசீவரைப் பறித்தார்.

"எடேய் எருமை! இவ்வளவு நாளும் வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனி? உன்னைப் பெத்த வயித்தில…"

அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு அழுவது கேட்டது. அவன் வேறு அடையாளம் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"தம்பி, பாஸ்வேர்ட் சொல்லப்போறானாம். குறை நினையாதேங்கோ, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

அவருடைய ஒவ்வொரு மெயிலையும் ரைப் அடித்தவன் நான். மகன் முதல் நின்ற இடமும் எனக்குத் தெரியும். ஆனாலும் போய், காலி ஊருக்குப் போகும் பெரிய வீதியில் நின்றேன். அவர் செய்தது சரி.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம். ஆள் எழும்பினால் முதலில் சைன் அவுட். பிறகு குக்கியை அழி. அந்தப் பக்கத்துப் புத்தகத்தில் எங்களால் கை வைக்க முடியாது. இந்தப் பக்கம் எங்கள் பொறுப்பு. பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம் வெளியில் போய் நில். சொல்லும் வரைக்கும் காத்திருக்காதே.