டைகர் கழுத்துச் சிவப்புத் துணி

நாய் பழக்குற தொழில்ல கடி வாங்குறது பெரிய விஷயமில்ல. கடிச்சது உன் தப்புதான்னு வீட்டுக்காரர் சொல்றதைக் கேட்டுக்கிட்டே டிஞ்சர் போடணும் பாருங்க, அதுதான் எரியும். கையில தழும்போட இதைப் படிக்கிற அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

டீக்கடைச் சபை

எங்க வட்டாரத்துல அப்ப இதையே பொழப்பா வச்சிருந்தது மூணு பேரு. ராஜபாளையத்துல நான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல சாமுவேல் அண்ணாச்சி, ராணுவத்துல நாயோட வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவர். மம்சாபுரத்துல குருசாமி, போலீஸ் நாய்ப் பிரிவுல இருந்து ஓய்வானவர். ஞாயித்துக்கிழமை காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில கூடுவோம். எங்களுக்குள்ள சட்டம் ஒண்ணுதான். ஒருத்தனுக்கு அடங்காத நாய் வந்தா மத்த ரெண்டு பேரும் போய்ப் பாக்கணும். பாத்துட்டு, ‘உனக்குத் தொழில் தெரியல’ன்னு மட்டும் சொல்லக் கூடாது.

வேற யார்கிட்டப் போய்ச் சொல்றது? கடிச்ச நாயை நெனச்சு எனக்குத் தூக்கம் வரலன்னு சொன்னா சொந்தக்காரனே சிரிப்பான். கடைக்காரர் மட்டும் பொறுமையாக் கேட்டுட்டு ஒருநாள் சொன்னார்: “பொண்டாட்டி பிள்ளைகளைப் பத்தி இம்புட்டுக் கவலையா உக்காந்து பேசியிருந்தா மூணு குடும்பமும் உருப்பட்டிருக்கும்.”

ரோஷக்காரன்

தொண்ணூறுகள் ஆரம்பத்துல பேண்டேஜ் துணிக் கம்பெனி முதலாளி ஒருத்தர் ஆள் விட்டார். வீட்டுல ரெண்டு ராஜபாளையம் நாய், கூடப்பொறந்ததுக. ராணி சொன்னதைக் கேக்கும். டைகர் எம்புட்டுக் கத்தினாலும் திரும்பாது, பின்னாலேருந்து தொட்டா பாஞ்சு கடிக்கும். தோட்டக்காரர் மாடசாமியைக் கடிச்சிருந்துச்சு. போன அன்னைக்கே என்னையும் கடிச்சுது. இன்னொரு ஆளைக் கடிச்சா டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு முடிச்சிருவேன்னு முதலாளி சொல்லிட்டார்.

சபையில சொன்னேன். ரெண்டு பேரும் வந்தாங்க. காது கேக்குதான்னுதான் மொதல்ல பாத்தோம். வாசல் மணி அடிச்சா ராணி ஓடுது, டைகரும் ஓடுது. அப்பக் காது நல்லாருக்கு, திமிருதான்னு மூணு பேரும் முடிவு கட்டினோம். இந்தச் சாதி நாய்க்கு ரோஷம் ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சதே நாங்கதானே. முதலாளிகிட்டயும் அதையே சொன்னோம். அவர் சொன்னார்: “ரோஷம் இருக்கட்டுங்க. ஆனா அது எனக்கு அடங்கின ரோஷமா இருக்கணும்.”

தட்டும் கரண்டியும்

ராணியை ஒரு ஆண் நாயோட சேத்து வைக்க வெளியூர் கொண்டு போயிருந்தாங்க. அந்த ஞாயிறு நாங்க போய் மணி அடிச்சோம். டைகர் படுத்த எடத்துலேயே கெடந்துச்சு. அண்ணாச்சி சமையல்கட்டுல ஒரு பித்தளைத் தட்டு கேட்டு வாங்கி, டைகருக்குப் பின்னால நின்னு கரண்டியால அடிச்சார். தெருவுல போனவன் எட்டிப் பாத்தான். டைகர் காதுகூட அசையல.

அம்புட்டு நாளும் அது மணியைக் கேட்டு ஓடல, ராணி ஓடுறதைப் பாத்து ஓடியிருக்கு. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்குன்னு பொறுக்கிப் பொறுக்கிச் சேத்தா சில குட்டிக செவிடாப் பொறக்கும்னு எங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தும் ஏமாந்தோம். குருசாமி தலையில கை வச்சு உக்காந்துட்டார். பயந்து கடிச்ச வாயில்லா ஜீவனைப் போய்த் திமிரு பிடிச்சதுன்னு சொல்லிட்டோம். முதலாளி கவலை வேற. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “செவிடுங்கிற பேச்சு இந்தக் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. பொறவு ராணி குட்டியை எவன் வாங்குவான்?”

மூணு பேர் கை

பின்னாலேருந்து ஒரு கை மேல பட்டா அடுத்த நிமிசம் கருவாடு கெடைக்கும். இதுதான் நாங்க டைகருக்குச் சொல்லிக் குடுத்த பாடம். ஒருத்தன் கையையே பழகிட்டாப் போதாது, எவன் தொட்டாலும் பதறக் கூடாது. அதனால மூணு பேரும் மாறி மாறிப் போனோம். கூப்பிடணும்னா தரையை மிதிக்கிறது, உக்காரச் சொல்ல கை ஜாடை. முழிச்சிருக்கும்போது தொட்டா வாலை ஆட்டிக்கிட்டுக் கருவாட்டைத் தேட ஆரம்பிச்சிருச்சு. தூக்கத்துல தொட்டா மட்டும் இன்னும் பதறுச்சு. அதுக்கு நாளாகும்.

அதுவரைக்கும் வர்றவன் போறவனுக்கு ஒரு அடையாளம் வேணுமேன்னு குருசாமி அது கழுத்துல சிவப்புத் துணி கட்டினார். ஏன்னு கேட்டா, ‘தூங்கும்போது தொடாதீங்க’ன்னு மட்டும் சொன்னாப் போதும். முதலாளியும் அரை மனசாச் சரின்னார். கடி வாங்கின மாடசாமியே டைகரைத் தடவிக் குடுத்துட்டுச் சொன்னார்: “இப்பத்தான்யா இது மனுசனை நம்புது.”

குட்டி பாக்க வந்தவர்

ராணி குட்டி போட்டுச்சு. மதுரையிலேருந்து ஒருத்தர் பாக்க வந்தார். துணி எதுக்குன்னு அவர் கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு, முதலாளி தன் கையாலேயே அதை அவுத்து வச்சிருக்கார். வந்தவர் நாய்ப் பிரியர். வராந்தாவுல தூங்கிக்கிட்டிருந்த டைகர் தலையை ஆசையாத் தடவினார். கையில நல்ல கடி.

எங்களுக்குச் சேதி வந்து நாங்க ஓடுறதுக்குள்ள டைகருக்கு ஊசி போட்டு முடிச்சாச்சு. மாமரத்தடியில புதைச்ச மண்ணு ஈரமாக் கெடந்துச்சு. ஒரு வார்த்தை, ‘தொடாதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது பொழச்சிருக்கும். அண்ணாச்சி அதை மூஞ்சிக்கு நேரா கேட்டேவிட்டார். முதலாளிக்குக் கோபமே வரல. “நீங்க ஒழுங்காப் பழக்கியிருந்தா நான் ஏன் சொல்லணும்?” என்றார்.

மறுபடியும்

அடுத்த ஞாயிறு டீ ஆறிப் போச்சு. முதலாளி அவுத்துப் போட்ட அந்தத் துணியை அண்ணாச்சி எடுத்துட்டு வந்து சட்டைப் பையில வச்சிருந்தார். “ஏலே, அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன்லே” என்றார். நானும் குருசாமியும் தலையாட்டினோம்.

ரெண்டு மாசம் இருக்கும். அதே முதலாளி மில் முக்குல என்னைப் பாத்து ஸ்கூட்டரை நிறுத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சார்: “ராணி குட்டியில எனக்குன்னு ஒண்ணு ஒதுக்கிட்டேங்க. சுத்த வெள்ளை. கூப்பிட்டாத்தான் திரும்ப மாட்டேங்கான், ரோஷக்காரப் பய. வந்து பழக்கிக் குடுங்க.”

அந்த ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கருவாட்டுப் பொட்டலத்தோடயும் அதே சிவப்புத் துணியோடயும் பஸ் ஏறினோம், ஏன்னா பழக்க முடியாதுன்னு எங்க சபை இன்னைவரைக்கும் கைவிட்டது வீட்டுக்காரங்களை மட்டுந்தான்.